அண்டக்கதிரின் ஆற்றல்: வியாழனைத் தாண்டிப் போகப் போக என்ன ஆகிறது?

பாமரன்77 (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ரொம்ப நாளாக இருக்கிற சந்தேகம். நாசாவின் வாயேஜர் 1 விண்கலம் சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து ஓயாமல் வெளியேறும் மின்துகள் ஓட்டம்) எல்லையைத் தாண்டியபோது அண்டக்கதிர்கள் திடீரென்று கூடின என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். கூடியது எண்ணிக்கையா, ஒவ்வொரு துகளின் ஆற்றலா? இன்னொரு கட்டுரையில், சூரிய மண்டலத்தின் ஓரத்தில் கிடைப்பது "வழக்கத்துக்கு மாறான அண்டக்கதிர்கள்", அவை ஆற்றல் குறைந்தவை என்று போட்டிருந்தது. ஒன்று கூடுகிறது என்கிறது, மற்றது குறைவு என்கிறது.

என் கேள்வி இதுதான். ஒரே கருவியைப் பூமிக்கு அருகில், நெப்டியூன் அருகில், அப்புறம் 120 வானியல் அலகு (சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம்போல 120 மடங்கு) தூரத்தில் வைத்தால் மூன்று இடத்திலும் என்ன வித்தியாசம் தெரியும்? விளக்கம் எளிமையாக இருக்கட்டும், ஆனால் சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி வேண்டாம்.

ஆகாசராஜன்

சுலபம். சூரியனின் காந்தப்புலமும் சூரியக் காற்றும் சேர்ந்து ஒரு கேடயம் மாதிரி. ஹீலியோஸ்பியர் என்று பெயர். வெளியிலிருந்து வரும் அண்டக்கதிரில் முக்கால்வாசியை அது தடுத்துவிடும், மீதிதான் உள்ளே வரும். கேடயத்துக்கு வெளியே போனால் எண்ணிக்கை கூடும். ஆற்றல் அதேதான். முடிந்தது.

மறைமதி

ஆகாசராஜன் சொன்ன முக்கால்வாசி என்கிற கணக்கில் தப்பில்லை. "ஆற்றல் அதேதான்" என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாமரன் கேட்டதன் உயிரே அங்கேதான் இருக்கிறது.

முதலில் எந்த ஆற்றலைப் பற்றிப் பேசுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அண்டக்கதிர் என்றால் ஒரே வகைத் துகள் இல்லை. பெரும்பாலும் புரோட்டான்கள், அடுத்து ஹீலியம் அணுக்கரு, கொஞ்சம் கனமான அணுக்கருக்கள், ஒரு சதவீத அளவில் எலக்ட்ரான்கள். ஆற்றலோ சில மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் தொடங்கி அதைவிடப் பல லட்சம் கோடி மடங்கு வரை போகிறது. (இனி மெகா, ஜிகா என்று மட்டும் எழுதுகிறேன். 1 ஜிகா என்றால் 1000 மெகா.)

பத்துப் பதினைந்து ஜிகாவுக்கு மேல் உள்ளவற்றுக்குச் சூரியன் இருப்பதே கிட்டத்தட்டத் தெரியாது. பூமியில் அளந்தாலும் நெப்டியூனில் அளந்தாலும் வித்தியாசம் சொற்பம். 1 ஜிகா அருகில் வித்தியாசம் சில மடங்குக்குள் அடங்கிவிடும். 100 மெகா புரோட்டான்கள் என்று இறங்கினால், பூமியருகே இருப்பதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் வெளியே இருக்கின்றன. அதற்கும் கீழே, வெளியிலிருக்கிற பத்து இருபது மெகா துகள்களில் பூமிவரை வந்து சேர்வது அநேகமாக எதுவுமே இல்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பூமிக்கு அருகில் 100 மெகா புரோட்டான் ஒன்றைப் பிடித்தால், அது வெளியே இருந்தபோது 100 மெகா புரோட்டானாக இருந்திருக்காது. தோராயமாக 500, 600 மெகாவோடு கிளம்பியிருக்கும். வழியில் மிச்சத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறது. அதனால்தான் கேடயம் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. உள்ளே விட்டதையும் அது சும்மா விடவில்லை.

கணக்குவாத்தியார்

மறைமதி அவர்களே, இதை அப்படியே ஏற்க முடியாது. காந்தப்புலம் வேலை செய்யாது என்பது பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். விசை எப்போதும் திசைவேகத்துக்குச் செங்குத்து. துகளின் பாதை வளையும், வேகம் மாறாது. அப்படியிருக்க 400, 500 மெகா எங்கே போயிற்று?

ஆகாசராஜன்

அதானே!

மறைமதி

வாத்தியார் கேட்டது சரியான கேள்வி. பதில், காந்தப்புலம் நின்ற இடத்தில் நிற்கவில்லை என்பதுதான். சூரியக் காற்று விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே ஓடுகிறது, தன் காந்தப்புலத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. அந்தப் புலம் நேர்க்கோடாக இருப்பதில்லை. முடிச்சும் முறுக்குமாக இருக்கிறது. உள்ளே வரப் பார்க்கும் புரோட்டான் இந்த முறுக்குகளில் மோதி மோதித் திசை மாறுகிறது. அந்த முறுக்கோடு சேர்ந்து ஓடிக்கொண்டே பார்ப்பவருக்கு வேகம் மாறவில்லை, உங்கள் பன்னிரண்டாம் வகுப்பு விதி அங்கே அப்படியே செல்லும். நின்ற இடத்திலிருந்து பார்க்கும் நமக்கு மாறுகிறது, ஏனென்றால் நகரும் காந்தப்புலம் மின்புலமாகவும் தெரியும். மின்புலம் வேலை செய்யும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். மட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பந்தைத் தடுத்தால் பந்து செத்துக் காலடியில் விழும். அதே மட்டையைப் பந்தை நோக்கி வீசினால் எல்லைக்கோடு தாண்டும். சூரியக் காற்று வெளியே போகப் போக விரிவதால், அதிலுள்ள முறுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே மாட்டிய துகளுக்கு எல்லாத் திசையிலும் பின்னால் போகிற மட்டைதான். ஒவ்வொரு மோதலிலும் இழப்பு சின்னது. மோதல்களோ எண்ணி முடியாதவை.

யூஜின் பார்க்கர் 1965இல் எழுதிய சமன்பாட்டில் இதெல்லாம் இருக்கிறது: துகள் பரவுவது, காற்று அதை வெளியே தள்ளுவது, புலத்தின் வளைவால் ஒரு பக்கமாக நகர்வது, விரிவினால் ஆற்றல் இழப்பது. 1968இல் கிளீசன், ஆக்ஸ்ஃபோர்டு இருவரும் அதையெல்லாம் ஒரே எண்ணில் அடக்கும் சுருக்கு வழி ஒன்றைக் கொடுத்தார்கள். சூரியன் அமைதியாக இருக்கும்போது அந்த எண் 400 மெகாவோல்ட் பக்கம், கொந்தளிக்கும்போது 1000 பக்கம். புரோட்டான் வழியில் இழப்பது ஏறக்குறைய அத்தனை மெகா.

கணக்குவாத்தியார்

இப்போது சரி. நகரும் புலம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் குறுக்கிட்டிருக்க மாட்டேன்.

காகிதமும் பேனாவும் கையில் இருந்ததால் ஒரு கணக்கு போட்டேன். 1 ஜிகா இயக்க ஆற்றல் உள்ள புரோட்டான் காந்தப்புலத்தில் எவ்வளவு பெரிய வட்டம் போடும்? பூமிக்கு அருகில் சூரியக் காற்றின் புலம் சுமார் 5 நானோ டெஸ்லா. ஆரம் 11 லட்சம் கிலோமீட்டர் வருகிறது. நிலவு இருக்கும் தூரத்தைப்போல மூன்று மடங்கு. காற்று வேகம் குறைந்து தேங்கிக் கிடக்கும் வெளிப் பகுதியில், ஹீலியோஷீத்தில், புலம் வெறும் 0.1 நானோ டெஸ்லா. அங்கே ஆரம் 5.7 கோடி கிலோமீட்டர், சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட. எல்லைக்கு வெளியே புலம் மறுபடி கூடி 0.4, 0.5 ஆகிறது, ஆரம் ஒன்றேகால் கோடி கிலோமீட்டருக்குச் சுருங்கிவிடும்.

ஒரே புரோட்டான், ஒரே ஆற்றல். போடுகிற வட்டம் மட்டும் இவ்வளவு மாறுகிறது. எனக்கே கொஞ்சம் மலைப்பாக இருந்தது.

பாமரன்77

வாத்தியார் கணக்கு அருமை. ஆனால் இடிக்கிறதே. வெளிப் பகுதியில் புலம் இவ்வளவு வலுவில்லாமல் இருந்தால் அங்கே தடுப்பும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? நெப்டியூன் பக்கம் போனாலே பாதிக் கேடயம் கழிந்துவிடுமா?

மறைமதி

அப்படித்தான் ஒரு காலத்தில் எல்லோரும் நினைத்தார்கள். வியாழனின் சுற்றுப்பாதைக்குப் பக்கத்திலேயே எல்லை வந்துவிடும் என்ற மதிப்பீடுகூட இருந்தது. 1972 மார்ச்சில் நாசாவின் பயனியர் 10 விண்கலம் கிளம்பியது. பூமியின் கதிர்வீச்சு வளையங்களைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் வான் ஆலன் அதில் கைகர் குழாய்களை வைத்து அனுப்பினார். வியாழன் தாண்டியது, எல்லை வரவில்லை. சனியின் தூரம், யுரேனஸின் தூரம், நெப்டியூனின் தூரம், எங்கேயும் வரவில்லை. எண்ணிக்கை மெதுவாக ஏறிக்கொண்டே போனது, ஒரு வானியல் அலகுக்கு ஓரிரு சதவீதம் என்ற கணக்கில். 2003 ஜனவரியில் அதன் கடைசிச் சமிக்ஞை வந்தபோது 80 வானியல் அலகு தாண்டியிருந்தது. அப்போதும் அது எல்லைக்கு உள்ளேதான்.

ஆக நெப்டியூனில் கருவியை வைத்தால் பூமியைவிடக் கூடுதலாக எண்ணும், குறைந்த ஆற்றல் பக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் தடுப்பின் பெரிய பங்கு அதற்கும் அப்பால்தான் இருக்கிறது. புலம் வலுவில்லாததுதான், ஆனால் ஹீலியோஷீத் முப்பது நாற்பது வானியல் அலகு தடிமன். அதைக் கடந்து வருவதற்குள் குறைந்த ஆற்றல் துகள்கள் நொந்துவிடுகின்றன.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஆற்றல் இழப்பு பெரும்பாலும் உள் பகுதியில்தான், காற்று வேகமாக விரிந்து ஓடும் இடத்தில். ஹீலியோஷீத்தில் காற்று வேகம் இழந்து தவழ்கிறது, விரிவு அநேகமாக இல்லை. அங்கே துகள் ஆற்றலை அதிகம் இழப்பதில்லை, வழியைத்தான் இழக்கிறது. எண்ணிக்கை குறைவது ஓரிடம், ஆற்றல் குறைவது வேறிடம். பாமரனின் முதல் கேள்வியில் இருந்த குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஊட்டிக்குளிர்

இத்தனை பேர் கூடிப் பேசுகிறீர்கள், எங்கள் ஊரை யாரும் சொல்லவில்லையே! ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ் 3 இருக்கிறது. அண்டக்கதிர் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான் துகள்களை எண்ணும் 560 சதுர மீட்டர் தொலைநோக்கி. அதில் இந்த மாற்றமெல்லாம் தெரியாதா?

மறைமதி

தெரியும், ஆனால் வேறு ஜன்னல் வழியாக. ஊட்டி நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் பூமியின் காந்தப்புலமே அங்கே பெரிய வடிகட்டி. சுமார் 17 ஜிகாவுக்குக் கீழே நேர்மேலிருந்து வரும் புரோட்டான் எதுவும் வந்து சேராது. வாயேஜர் அளந்த ஆற்றல்களை ஊட்டியில் தேடிப் பயனில்லை. ஆனால் கண்டறி பரப்பு மிகப் பெரியது என்பதால், அந்த உயர் ஆற்றலிலும் சூரியப் புயல்கள் உண்டாக்கும் மிகச் சிறிய ஏற்ற இறக்கத்தைப் பிடித்துவிடுகிறார்கள். 2015 ஜூன் 22 அன்று சுமார் இரண்டு மணி நேரம் மியூவான் எண்ணிக்கை கூடியது. சூரியனிலிருந்து வந்த பிளாஸ்மா (மின்னேற்ற வாயு) மேகம் மோதிப் பூமியின் காந்தப்புலம் தற்காலிகமாகத் தளர்ந்ததே காரணம் என்று அவர்கள் கட்டுரை எழுதினார்கள். வழக்கமாகத் திருப்பி அனுப்பப்படும் துகள்கள் அந்த நேரத்தில் உள்ளே நுழைந்திருக்கின்றன.

சுந்தரபுரி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை செவ்வாயிலிருந்து காஸ்மிக் கதிர்கள் பூமியைக் கடக்கின்றன, செல்போனை அணைத்து உடலுக்குத் தள்ளி வையுங்கள் என்று குடும்ப குரூப்பில் வந்திருக்கிறது. நாசா சொன்னதாகப் போட்டிருக்கிறது. உண்மையா?

நெறியாளர்

இது பல வருஷமாகச் சுற்றும் வதந்தி. நாசா இப்படி எதுவும் சொன்னதில்லை.

ஆகாசராஜன்

செவ்வாய் அண்டக்கதிர் தயாரிக்காது சார். அண்டக்கதிருக்கு 12.30, 3.30 என்று ஷிப்டும் கிடையாது. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் உள்ளங்கை வழியாக நிமிஷத்துக்கு நூறு மியூவான் பக்கம் போய்க்கொண்டிருக்கும். போனை அணைத்தாலும் போகும்.

மறைமதி

வேடிக்கை என்னவென்றால், ஒரு கோள் துகள்களை வீசுவது உண்மையிலேயே உண்டு. செவ்வாய் இல்லை, வியாழன். 1973இல் பயனியர் 10 வியாழனை நெருங்கும்போதே சில மெகா ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் மழைபோல் வந்தன. வியாழனின் காந்தக்கோளம்தான் அவற்றை முடுக்கி வெளியே கசிய விடுகிறது. பூமிக்கு அருகில் முன்பே அளந்திருந்த எலக்ட்ரான்கள் ஏன் 13 மாதத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன என்பதற்கு அப்போது விடை கிடைத்தது. வியாழனும் பூமியும் ஒரே சூரியக் காந்தக்கோட்டின் மேல் வந்து அமர்வதற்கு அவ்வளவு காலம் ஆகிறது. ஆகவே சில மெகா எலக்ட்ரானைப் பொறுத்தவரை சூரிய மண்டலத்தின் உள் பகுதியில் ஆதிக்கம் வியாழனுக்குத்தான். விண்மீன்களுக்கு இடையிலிருந்து வரும் எலக்ட்ரானை அந்த ஆற்றலில் பார்க்க வேண்டுமானால் ரொம்ப தூரம் போயாக வேண்டும்.

வால்நட்சத்திரம்

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வாருங்கள். அந்த "வழக்கத்துக்கு மாறான" அண்டக்கதிர்கள். மறைமதி இன்னும் அதைத் தொடவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் கருவிகளில் விசித்திரமாக ஒன்று தெரிந்தது. குறைந்த ஆற்றலில் ஹீலியம், நைட்ரஜன், ஆக்சிஜன், நியான் அளவுக்கு மீறி இருந்தன. கார்பன் மட்டும் இல்லை. ஆக்சிஜன் இருக்கிறது, பக்கத்து வீட்டு கார்பன் எங்கே? 1974இல் லெனார்ட் ஃபிஸ்க்கும் அவருடைய கூட்டாளிகளும் விடை சொன்னார்கள். விண்மீன்களுக்கு இடையே ஹீலியமும் ஆக்சிஜனும் மின்னேற்றம் இல்லாத அணுக்களாகத் திரிகின்றன, காந்தப்புலம் அவற்றைத் தடுக்காது, சூரிய மண்டலத்துக்குள் நேரே வந்துவிடும். கார்பனோ அங்கேயே மின்னேற்றம் பெற்றுவிட்டது, வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே வந்த நடுநிலை அணு சூரிய ஒளியாலோ காற்றில் மோதியோ ஒரு எலக்ட்ரானை இழக்கிறது. அந்த நொடியே சூரியக் காற்று அதைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுகிறது. ஓரத்தில் எங்கேயோ அது பத்துக் கணக்கான மெகா அளவுக்கு முடுக்கப்பட்டு மறுபடி உள்ளே வருகிறது.

மறைமதியின் மட்டையை இங்கே திருப்பிப் பிடியுங்கள். டெர்மினேஷன் ஷாக் என்ற இடத்தில் காற்று திடீரென வேகம் இழக்கிறது. வேகமாக வரும் முறுக்கும் மெதுவாகப் போகும் முறுக்கும் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்குகின்றன. நடுவில் மாட்டிய துகளுக்கு இரு பக்கமும் அடி. உள்ளே ஆற்றலைப் பிடுங்கிய அதே காற்று இங்கே வாரிக் கொடுக்கிறது.

பாமரன்77

அடேயப்பா. அப்போ டெர்மினேஷன் ஷாக்கில் போய் அளந்தால் இவை உச்சத்தில் இருந்திருக்குமே?

வால்நட்சத்திரம்

இருந்திருக்க வேண்டும். இல்லை! 2004 டிசம்பர் 16 அன்று வாயேஜர் 1 அதை 94 வானியல் அலகில் கடந்தது. ஷாக்கும் இருந்தது, குறைந்த ஆற்றல் துகள்களும் எகிறின. ஆனால் ஃபிஸ்க் சொன்ன அந்தப் பத்து இருபது மெகா துகள்கள் உச்சம் தொடவே இல்லை. உள்ளே எப்படி இருந்தனவோ அப்படியே மெதுவாக ஏறிக்கொண்டு, ஷாக்கைத் தாண்டிய பிறகும் ஏறின. 2007 ஆகஸ்ட் 30 பக்கம் வாயேஜர் 2 வேறு திசையில், 84 வானியல் அலகில் கடந்தபோதும் இதே கதை.

மெக்கோமஸ், ஷ்வாட்ரன் இருவரும் 2006இல் சொன்னது: ஷாக் ஒழுங்கான கோளம் இல்லை, முன்பக்கம் தட்டையானது. முடுக்கம் பக்கவாட்டில் நடக்கிறது, வாயேஜர்கள் மூக்குப் பக்கமாகப் போய்விட்டன. இன்னொரு கட்சி, ஹீலியோஷீத்தில் எதிரெதிர்க் காந்தக்கோடுகள் வெட்டி இணைவதால் அங்கேயே முடுக்கம் என்கிறது. நான் முதல் கட்சி.

மறைமதி

நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை, இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் நடந்திருக்கலாம். வாயேஜர் 2 இன்னொன்றும் காட்டியது. ஷாக்கில் காற்று இழந்த ஆற்றலில் பெரும்பகுதி அந்தக் காற்றைச் சூடாக்கப் போகவில்லை. எதிர்பார்த்ததைவிட அது குளிர்ந்தே இருந்தது. ஆற்றலை வாங்கிக்கொண்டவை நீங்கள் சொன்ன வழியில் பிடிபட்ட அந்த அயனிகள்தான். வாயேஜர் 1இல் பிளாஸ்மா கருவி 1980லேயே பழுதாகிவிட்டது. இரண்டாவது கலம் இல்லாவிட்டால் இது தெரிந்தே இருக்காது.

கணக்குவாத்தியார்

ஒரு சந்தேகம். வாயேஜரில் இருக்கும் கருவி, வந்த துகள் ஆக்சிஜனா புரோட்டானா, எத்தனை மெகா என்பதை எப்படிப் பிரிக்கிறது? எழுபதுகளின் கருவி அல்லவா?

மறைமதி

சிலிக்கான் தகடுகளை ஒன்றின்பின் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். முன்னால் இருப்பவை முடியைவிட மெல்லியவை, பின்னால் போகப் போகத் தடிமன். துகள் மெல்லிய தகட்டைத் துளைத்து, கொஞ்சம் ஆற்றலை அதில் விட்டுவிட்டு, தடித்த தகட்டில் நிற்கும். மெல்லியதில் எவ்வளவு விட்டது, மொத்தம் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் ஒரு தாளில் குறித்தால் ஒவ்வொரு தனிமமும் தனித்தனி வளைகோட்டில் விழும். மின்னேற்றம் அதிகமுள்ள கரு ஒரே வேகத்தில் அதிகமாக விடும் என்பதுதான் சூட்சுமம். எல்லாத் தகட்டையும் துளைத்துக்கொண்டு போனால் ஆற்றல் கணக்கு கொஞ்சம் சிக்கல், அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு கருவியான எல்இசிபி (குறைந்த ஆற்றல் மின்துகள்களை அளப்பது) சுழலும் மேடையில் இருக்கிறது, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்க. அதன் மோட்டாரை 5 லட்சம் அடிகளுக்குச் சோதித்து அனுப்பினார்கள், சனி வரை போதும் என்று. வாயேஜர் 2இல் அணைக்கும்போது 85 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

ஊட்டிக்குளிர்

எங்கள் வீட்டு மிக்சி இரண்டு வருஷம் தாண்டாது.

ஆகாசராஜன்

2012 ஆகஸ்ட் நினைவிருக்கிறதா யாருக்காவது? வாயேஜர் 1இன் அண்டக்கதிர்க் கருவியின் தரவை நாசா தளத்தில் வரைபடமாகப் போட்டுக்கொண்டே இருந்தார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 0.5 மெகாவுக்கு மேல் என்ற கோடு விநாடிக்கு 25 பக்கம் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஜூலை கடைசியில் பொத்தென்று விழுந்தது, எழுந்தது. ஆகஸ்ட் நடுவில் மறுபடி விழுந்தது, எழுந்தது. 25ஆம் தேதி விழுந்தது எழவே இல்லை. 2 பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. 70 மெகாவுக்கு மேல் என்ற இன்னொரு கோடு அதே நாட்களில் படிக்கட்டுபோல் ஏறியது. வெளிநாட்டு மன்றங்களில் ஆட்கள் தினமும் அந்தப் பக்கத்தையே திறந்து வைத்துக் கொண்டாடினார்கள்.

வால்நட்சத்திரம்

கொண்டாடினார்கள், ஆனால் நாசா ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. திறக்காததற்குக் காரணம் இருந்தது. எல்லை தாண்டினால் காந்தப்புலத்தின் திசை மாற வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மாறவில்லை. வலு கூடியது, திசை ஏறக்குறைய அதே. பிளாஸ்மா கருவியோ வேலை செய்யவில்லை. அண்டக்கதிரை மட்டும் வைத்து வெளியே வந்துவிட்டோம் என்று சொல்ல முடியுமா? பிறகு டான் கர்னெட் குழுவின் அலை அளவீடு கைகொடுத்தது. 2012 மார்ச்சில் சூரியனில் நடந்த வெடிப்பின் அதிர்வு ஒரு வருஷம் கழித்து 2013 ஏப்ரலில் அங்கே போய்ச் சேர்ந்து பிளாஸ்மாவை அதிர வைத்தது. அதிர்வின் அலைவெண்ணிலிருந்து கணக்கிட்டால் கன சென்டிமீட்டருக்கு 0.08 எலக்ட்ரான், ஹீலியோஷீத்தைவிட நாற்பது மடங்கு அடர்த்தி. அதற்கப்புறம்தான் 2013 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. வாயேஜர் 2 கடந்தது 2018 நவம்பர் 5, சுமார் 119 வானியல் அலகில். அதில் பிளாஸ்மா கருவி உயிரோடு இருந்ததால் சண்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பாமரன்77

வெளியே போன பிறகு என்ன பார்த்தது? ஆற்றல் வரைபடம் எப்படி இருந்தது?

மறைமதி

இதற்குத்தான் காத்திருந்தேன். பூமியிலிருந்து பார்த்து வெளியே உள்ளதை ஊகிப்பது ஏன் முடியாத காரியம் என்றால், குறைந்த ஆற்றலில் பூமியருகே கிடைப்பதெல்லாம் ஆற்றலிழந்து கீழே சரிந்து வந்த துகள்கள். வெளியே எப்படியிருந்தாலும் இங்கே வரைபடத்தின் சாய்வு ஒன்றேதான்: ஆற்றல் பாதியானால் எண்ணிக்கையும் பாதி. மூல வடிவம் முழுக்க அழிந்துவிடுகிறது. ஐம்பது வருஷமாக ஆளுக்கொரு கோட்டை வரைந்துகொண்டிருந்தார்கள்.

கம்மிங்ஸும் அவர் குழுவும் 2016இல் வாயேஜர் 1 தரவை வைத்து உண்மையான கோட்டை வெளியிட்டார்கள். புரோட்டான், ஹீலியம் இரண்டுக்கும் 3 மெகாவில் தொடங்கி 346 மெகா வரை, ஒரு நியூக்ளியானுக்கு (அணுக்கருவில் உள்ள ஒரு புரோட்டான் அல்லது நியூட்ரானுக்கு). உச்சம் 10 முதல் 50 மெகாவுக்குள் விழுந்தது. பூமியில் அளக்கும்போது உச்சம் பல நூறு மெகாவில் தெரியும். அதாவது நம் மண்டலத்துக்கு வெளியே மிகுதியாக இருக்கிற துகள்களை நாம் இங்கிருந்து ஒருபோதும் பார்த்ததே இல்லை.

அண்டக்கதிர்களின் மொத்த ஆற்றல் கன சென்டிமீட்டருக்கு 0.83 முதல் 1.02 எலக்ட்ரான் வோல்ட் என்று வந்தது. அப்புறம் ஒரு முரண். இந்தத் துகள்கள் ஹைட்ரஜனை எந்த வேகத்தில் அயனியாக்கும் என்று கணக்கிட்டால், விண்மீனிடை மேகங்களில் உள்ள மூலக்கூறுகளை வைத்து வானியலாளர்கள் சொல்லும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒன்று, நம் பக்கத்து வட்டாரம் அமைதியானது. அல்லது 3 மெகாவுக்கும் கீழே நாம் பார்க்காத கூட்டம் ஒன்று இருக்கிறது. முதலாவதுதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. வெளியே போன பிறகு தூரத்தோடு எண்ணிக்கை கூடவே இல்லை, கோடு தட்டை.

கணக்குவாத்தியார்

உள்ளே இருக்கும் மாற்றம் பதினொரு வருஷச் சுழற்சியோடு ஓரத்துக்கும் போகுமா? 400 கிலோமீட்டர் வேகம் என்றால் வருஷத்துக்கு 84 வானியல் அலகு வருகிறது. அப்போ சூரியனின் இன்றைய மனநிலை டெர்மினேஷன் ஷாக்குக்கு ஒரு வருஷம் பிந்தித்தான் தெரியும்?

மறைமதி

ஆமாம், அப்படித்தான். 2003 அக்டோபர், நவம்பரில் நடந்த பெரும் சூரியப் புயல்கள் 73 வானியல் அலகில் இருந்த வாயேஜர் 2ஐ அடைந்தது 2004 ஏப்ரல் இறுதியில். புயல் என்பதால் கொஞ்சம் சீக்கிரம். அது கடந்தபோது அங்கே அண்டக்கதிர் எண்ணிக்கை சரிந்தது.

சுழற்சி என்றால் உண்மையில் 22 வருஷம். சூரியனின் காந்த முனைகள் 11 வருஷத்துக்கு ஒருமுறை இடம் மாறுகின்றன. ஒரு முறை புரோட்டான்கள் முனைகள் வழியாக இறங்கி வரும், மறுமுறை நடுக்கோட்டுத் தளத்தின் அலையடிக்கும் மின்னோட்டத் தாள் (எதிரெதிர்க் காந்தப்புலங்கள் சந்திக்கும் பரப்பு) வழியாக. தாள் வழி வரும் காலங்களில் அந்தத் தாளின் சாய்வு கொஞ்சம் மாறினாலும் எண்ணிக்கை மாறும், அதனால் உச்சம் கூர்மை. 1987இல் கூர்மை, 1997இல் தட்டை, 2009இல் மறுபடி கூர்மை. 2009இல் சூரியன் வழக்கத்துக்கு மாறாக அயர்ந்து தூங்கியதால் அதுவரை விண்வெளி யுகத்தில் பார்க்காத அளவுக்கு உயர்ந்தது.

ஆகாசராஜன்

சரி, இப்போ வெளியே எண்ணுவது யார்? வாயேஜர் 1இல் அண்டக்கதிர்க் கருவியை அணைத்துவிட்டார்களாமே.

வால்நட்சத்திரம்

2025 பிப்ரவரி 25 அன்று அணைத்தார்கள். அடுத்த மாதமே வாயேஜர் 2இல் எல்இசிபி. மின்சாரம் வருஷத்துக்கு 4 வாட் குறைந்துகொண்டே வருகிறது, வேறு வழியில்லை. ஒன்றில் ஒரு கருவியும் மற்றதில் மற்ற கருவியும் விட்டு வைத்தது சாமர்த்தியம்தான், ஆனால் இரண்டு இடத்தில் ஒரே ஆற்றலை ஒரே கருவியால் ஒப்பிடுகிற வசதி போய்விட்டது. நியூ ஹரைசன்ஸ் விண்கலம் 60 வானியல் அலகு பக்கம் இருக்கிறது. அதில் இருப்பவை குறைந்த ஆற்றல் கருவிகள். பிடிபட்ட அயனிகளை அளக்க அருமை, 100 மெகா அண்டக்கதிருக்கு உதவாது. 2025 செப்டம்பரில் போன ஐமேப் என்ற நாசா கலம் பூமிக்குப் பக்கத்திலேயே நின்று ஓரத்திலிருந்து திரும்பி வரும் நடுநிலை அணுக்களை வைத்துப் படம் பிடிக்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ்காரர்கள் இதற்கென்றே ஒரு கலம் அனுப்பத் திட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், காசுதான் ஒதுக்கப்படவில்லை.

பாமரன்77

அந்த 3 மெகாவுக்குக் கீழே உள்ள கூட்டத்தை அந்தக் கலம் பார்க்குமா?

மறைமதி

பார்ப்பதற்கு முதலில் கலத்துக்கு அருகில் இருக்கும் வழக்கத்துக்கு மாறான கூட்டம் ஒழிய வேண்டும். எல்லைக்கு வெளியே போன பிறகும் அவை கொஞ்ச தூரம் கசிந்துகொண்டிருந்தன, வாயேஜர் 2 அதைத் தெளிவாகவே பார்த்தது. நல்ல தூரம் தள்ளிப் போய், முன்பக்கத் தகட்டை இன்னும் மெல்லியதாக வைத்தால் முடியும். எலக்ட்ரானையும் அதே கருவியில் பிரிக்க வேண்டியிருக்கும், அது தனிப் பாடு. அதைப் பற்றிப் பேச வாத்தியார் புதிதாக ஓர் இழை தொடங்கினால் அங்கே வருகிறேன்.